ஏரோதின் பந்தியும் எங்கள் ஞாயிற்றுக்கிழமையும்: சேகரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சேகரக் குழு உறுப்பினர்களுக்கு, ஸ்தோத்திரம்.

அந்தந்த வாரம் பிறந்தநாள் காண்போரின் பெயர்களை ஆராதனையில் வாசித்து ஜெபிக்கும் வழக்கத்தை நிறுத்துவதாகச் சென்ற ஞாயிறு அறிவித்தீர்கள். வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் எகிப்தின் ராஜா பார்வோனும் கலிலேயாவை ஆண்ட ஏரோதும் மட்டுமே, இருவரின் விருந்திலும் கொலை நடந்தது என்பதே நீங்கள் சொன்ன காரணம்.

நடந்தது உண்மைதான். ஆதியாகமம் 40ஆம் அதிகாரத்தில், பார்வோன் தன் ஜென்மநாள் விருந்தில் பானபாத்திரக்காரரின் தலைவனைப் பழைய வேலையில் அமர்த்தி, சுயம்பாகிகளின், அதாவது சமையற்காரரின், தலைவனைத் தூக்கிலிட்டான். ஆனால் அங்கே வேதம் சொல்ல வந்தது அந்த இருவரும் சிறையில் கண்ட சொப்பனங்களுக்கு யோசேப்பு சொன்ன பொருள் பலித்ததை. அந்த நாளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல்லும் இல்லை.

ஏரோதின் விருந்தை மாற்கு 6ஆம் அதிகாரத்தில் நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். பிரபுக்களும் சேனாதிபதிகளும் கலிலேயாவின் பெரிய மனிதர்களும் அமர்ந்த பந்தி அது. அங்கே நடனமாடிய பெண்ணுக்கு, எதைக் கேட்டாலும் தருவதாக ஏரோது ஆணையிட்டான்; அவள் யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்டாள். ராஜா துக்கமடைந்தும், "ஆணையினிமித்தமும், கூடப் பந்தியிருந்தவர்கள் நிமித்தமும்" மறுக்க மனமில்லாமல் யோவானின் தலையைக் கொண்டுவரச் சொன்னான். அவனைக் கொலைகாரனாக்கியது நாட்காட்டி அல்ல, நாலு பெரிய மனிதர்கள் முன்னால் சொன்ன சொல்லிலிருந்து இறங்கிவர முடியாத வீம்பு. அவன் கையால் மாண்ட அதே யோவானைக் குறித்துத்தான், லூக்கா முதல் அதிகாரத்தில் தேவதூதன் அவன் தகப்பன் சகரியாவிடம், "அவன் பிறப்பினிமித்தம் அநேகர் சந்தோஷப்படுவார்கள்" என்று முன்னறிவித்தான். ஒரு குழந்தையின் பிறப்புக்காக மகிழ்வது புறஜாதி வழக்கமென்றால் இந்த வசனத்தை என்ன செய்யப்போகிறோம்?

உங்கள் பக்கத்திலும் பழைய சாட்சி உண்டு, மறைக்கவில்லை. 3ஆம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஓரிகன் ஏறக்குறைய உங்கள் வாதத்தையே வைத்தார். ஆனால் அவருக்கும் முன்பே, சிமிர்னா சபையார் தங்கள் பேராயர் பொலிக்கார்ப்பு இரத்தசாட்சியாய் மரித்த நாளை அவருடைய பிறந்தநாள் என்றே அழைத்து ஆண்டுதோறும் கூடிவரத் தீர்மானித்தார்கள். அந்தச் சொல் அவர்களுக்குத் தீட்டாக இருக்கவில்லை. யோபுவின் குமாரர் "தன்தன் நாளிலே" விருந்து செய்ததும் பிறந்தநாள்தான் என்று சிலர் சொல்வார்கள்; அது அவ்வளவு திடமாகப்படாததால் அதை நான் துணைக்கு அழைக்கவில்லை.

பிறந்தநாள் கொண்டாடுங்கள் என்று வேதத்தில் கட்டளை இல்லை. நம் சபையிலும் யாரும் அதைக் கட்டளையாக்கவில்லை. என் பக்கத்தில் அமரும் பாட்டி ஒருவர், ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் தன் பேத்தியின் பெயரைப் பென்சிலால் எழுதி, ஐம்பது ரூபாய்த் தாளை நான்காக மடித்து வைப்பார். பெயர் வாசிக்கப்படும்போது அந்தப் பிள்ளை எழுந்து நிற்கும், ஒரு நிமிடம் ஜெபிப்போம். அவ்வளவுதான் இங்கே கொண்டாட்டம்.

ஏரோதின் பந்தியைத் தேடுவதாயிருந்தால், சென்ற ஆண்டு சபை மண்டபத்தில் குழுவின் மூத்தவர் ஒருவருக்கு எடுத்த அறுபதாவது பிறந்தநாள் விருந்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் ஃபிளெக்ஸ், மேடையில் பொன்னாடை, முக்கியஸ்தர்களுக்குத் தனிப் பந்தி. அன்று யாருக்கும் இந்த வசனம் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே அறிவிப்பைத் திரும்பப் பெற்று, வரும் ஞாயிறு முதல் பெயர்களை மீண்டும் வாசிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் வாசிக்கப்படாத பெயர்களையும் சேர்த்து வாசியுங்கள். அந்தப் பேத்தியின் கவர் இன்னும் பாட்டியின் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்