மாங்குளத்திலிருந்து: உன் வண்டியின் இழுவைக் கொளுக்கி பற்றி

மாங்குளம்,
கார்த்திகை மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவைப் பற்றித்தான் முதலில் தேடுவாய். போன கிழமை ஒட்டுசுட்டான் போகும் வழியில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நன்றாகத் தெரிகிறதாம். என் சட்டையில் பட்ட கிறீஸ் கறையைக் கூடக் கண்டுபிடித்து ஏசினார். சாப்பிடாமல் விடவில்லை.

இங்கே மாரி பிடித்துவிட்டது. காலபோக விதைப்பு அநேகமாக எல்லா இடமும் முடிந்தது. பட்டறையில் மூச்சுவிட நேரமில்லை. மழை இறங்கினால் கலப்பைக் கொழுவும் உழவு இயந்திரப் பெட்டிகளின் இழுவைத் தண்டும் வரிசையாக உடைந்து வரும் என்பது உனக்குத் தெரியாததா? மகன் இப்போது லேத் வேலையைத் தனியாகப் பார்க்கிறான். மரை வெட்டுவதில் என்னைவிடப் பொறுமைசாலி.

பங்குனி மாதம் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹட்ச் பந்தயத் திடலில் உன் மாஸ்டா காரை ஓட்டப்போகிறாய் என்று வாசித்தபோது நெஞ்சு நிறைந்தது. குளக்கட்டில் சைக்கிள் ஓட்டிய காலம் முதல் உனக்கு வேகத்தின் மீது இருந்த ஆசை எனக்குத் தெரியும். வண்டி மாட்டிக்கொண்டால் இழுத்தெடுக்க எந்தக் கொளுக்கி வாங்குவது என்று நீ என்னிடம் கேட்டதும் சந்தோஷம். இழுத்து எடுப்பது என் அன்றாடத் தொழில் என்பதால், கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நீ படம் அனுப்பிய மூன்று கொளுக்கிகளில் அந்தச் சிவப்பு அலுமினிய முக்கோணத்தை இப்போதே விட்டுவிடு. அலுமினியம் என்பதற்காக அல்ல. நல்ல கலப்பில் தடிப்பாகச் செய்தால் அதுவும் தாங்கும். ஆனால் அந்தத் துண்டில் எந்தக் கலப்பு, எத்தனை கிலோ தாங்கும் என்று ஓர் எழுத்தும் இல்லை. தகடு மெல்லியது, துளையின் விளிம்பு கூரானது. இழுவைப் பட்டி அதில் உரசினால் பட்டிதான் முதலில் வெட்டுப்படும். பார்வைக்காகச் செய்து விற்கிற சாமான் அது.

மற்ற இரண்டான துணிப்பட்டியையும் மடங்கும் உருக்கு வளையத்தையும் பற்றித் தீர்மானிக்க வேண்டுமானால், வண்டி எப்படி மாட்டிக்கொள்ளும் என்று முதலில் யோசி. பிராண்ட்ஸ் ஹட்சின் முதல் வளைவான படொக் ஹில், இறக்கத்தில் வலதுபுறம் திரும்புவது. தவறினால் வெளிப்பக்கத்துச் சரளைப் படுக்கைக்குள் போவாய். சரளை வண்டியை நிறுத்துவதற்கென்றே ஆழமாகக் கொட்டப்பட்டது. சில்லுகள் புதையும், வண்டியின் அடிவயிறு கல்லில் உட்காரும். சுழன்று போன வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இழுக்க வருகிற வாகனம் நிற்கக்கூடிய இடம் ஒன்று, உன் வண்டியின் மூக்கு பார்க்கும் பக்கம் வேறொன்று. ஆகவே இழுவை அநேகமாகச் சரிவாகத்தான் வரும். சேற்று வயலில் நெல் மூட்டையோடு புதைந்த பெட்டியை வரப்பிலிருந்து இழுக்கும்போது நடப்பதும் இதுதான். நேராக இழுக்க இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

இந்தச் சரிவு இழுவைதான் கொளுக்கியைக் கொல்லும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உன் வண்டி ஒரு டன்னை ஒட்டிய எடை. சரளையில் புதைந்ததை எடுக்க ஒரு டன் விசையில் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள். பட்டி வண்டியின் நேர்கோட்டிலிருந்து 30 பாகை விலகியிருந்தால், கொளுக்கித் தண்டைப் பக்கவாட்டில் வளைக்கும் பங்கு மட்டும் அரை டன். தண்டின் விட்டம் 16 மில்லிமீட்டர், வளையம் அடியிலிருந்து 15 சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது என்றால், அடியில் ஏறும் தகைப்பு, அதாவது உருக்கின் மீது விழும் பளு, சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,800 நியூட்டன். 8.8 என்று தரம் குறித்த போல்ட் உருக்கு 640 நியூட்டனிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். அதே தண்டு 5 சென்டிமீட்டர் மட்டும் நீட்டி நின்றால் தகைப்பு 600க்கு இறங்கும். அதுவும் விளிம்பில்தான். மரை வெட்டிய இடத்தில் தண்டு இன்னும் மெலிந்திருக்கும் அல்லவா? வண்டியோடு வருகிற கொளுக்கிகள் பல திடலில் ஒரே இழுவையில் கோணிப்போவது இதனால்தான். வீதியில் பழுதான வண்டியை நேராக இழுக்கவும், கப்பலில் ஏற்றும்போது கட்டிவைக்கவும் அவை போதும். பிழை உருக்கில் இல்லை, நீளத்தில் இருக்கிறது.

படத்தில் இருக்கும் துணிப்பட்டி இந்தத் தொல்லையிலிருந்து முற்றாகத் தப்பிக்கிறது. எந்தப் பக்கம் இழுத்தாலும் பட்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும், வளைக்க அங்கே தண்டே இல்லை. சுமை முழுவதும் அதைப் பூட்டிய போல்ட்டுக்கு வெட்டுவிசையாகப் போகிறது. 12 மில்லிமீட்டர் 8.8 போல்ட் ஒன்றை வெட்ட ஏறத்தாழ 4 டன் வேண்டும். இரண்டு தகடுகளுக்கு இடையில் பூட்டினால் அதைப்போல் இரு மடங்கு. அதனால் முன்னுக்குப் பட்டியே என் முடிவு. கொழும்பில் கராச் வைத்திருக்கும் அக்காவின் மகன் பந்தய வண்டிகள் கட்டுகிறவன். கட்டுக்குருந்தை ஓட்டங்களுக்கும் போவான். அவனும் முன்னுக்குப் பட்டிதான் பூட்டுகிறானாம்.

பின்னுக்கு மட்டும் வேண்டாம். புகைக்குழாய் வெப்பம் பட்டியின் பொலியெஸ்டர் நூலைக் கெடுக்கும். பின்னுக்கு அந்த மடங்கும் உருக்கு வளையத்தைப் போடு. கீல் ஊசி நிமிர்ந்து நிற்கும்படி பூட்டு, அப்போதுதான் வளையம் இடமும் வலமும் திரும்பும். கீல் பம்பரின் தோலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முன்னும் பின்னும் இரண்டும் கட்டாயம் வேண்டும். சரளைக்குள் போன வண்டியைப் பெரும்பாலும் போன வழியே பின்புறமாகத்தான் எடுப்பார்கள்.

பூட்டும் இடத்தைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பம்பரின் பிளாஸ்டிக், ரேடியேட்டரைத் தாங்கும் மெல்லிய தகடு, சில்லைப் பிடிக்கும் கைகள் இவற்றில் எதுவும் இழுவைக்கு ஆனவை அல்ல. செசியின், அதாவது வண்டியின் அடிச்சட்டகத்தின், நீள் சட்டமோ, அதில் பூட்டிய மோதல் குறுக்குச் சட்டமோதான் இடம். தகட்டின் பின்னால் தடித்த பெரிய வாஷர் வை. பட்டி உரசும் விளிம்பையெல்லாம் அரத்தால் உருட்டிவிடு.

பின் வளையத்துக்கு, பம்பரில் இருக்கும் சிறு மூடியைக் கழற்றி உள்ளே உள்ள மரையை நன்றாகத் துலக்கு. வருடக்கணக்கில் பெயின்டும் மண்ணும் அடைந்திருக்கும். வாங்குவதற்கு முன் மரையின் விட்டத்தையும் இடைவெளியையும் அளந்து பார். வொல்க்ஸ்வாகன் போன்ற சில வண்டிகளில் இடது மரை இருக்கும், பழக்க தோஷத்தில் வலப்பக்கம் திருகினால் ஏறாது. குறைந்தது தண்டின் விட்டத்தளவு ஆழமாவது மரை பிடிக்க வேண்டும். ஒன்றரை மடங்கு என்றால் எனக்கு நிம்மதி. வளையத்தைத் திசை பார்த்து நிறுத்துவதற்காகப் பாதித் திருகில் விட்டுவிடாதே. அதற்குப் பூட்டு நட் இருக்கிறது. முழுதும் திருகி, வேண்டிய திசைக்குச் சிறிதளவு மட்டும் திருப்பி, நட்டால் இறுக்கு.

உன்னை இழுக்க வருகிறவர் உன் வண்டியை முன்பின் கண்டிராத ஆள். தடித்த கையுறை போட்டிருப்பார். அவருக்குத் தேட நேரமில்லை. வளையத்தின் உள்விட்டம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பட்டி பம்பரைத் தாண்டி வெளியே தொங்க வேண்டும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தன் விதியில் இழுவை வளையம் தெளிவாகத் தெரிய வேண்டும், மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் இவற்றில் ஒரு நிறம் பூச வேண்டும் என்று வைத்திருக்கிறது. நீ ஓடுவது பந்தயம் அல்ல என்றாலும் அந்த விதியைப் பின்பற்று. பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் ஒட்டிவிடு. கொளுக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓடப் போகாதே. சரளைக்குள் புதைந்த வண்டியின் சாமான் பெட்டியைத் திறந்து, அதைத் தேடி எடுத்துத் திருகும் வேலையை மற்றவரின் தலையில் போடுவது நியாயம் இல்லை.

ஓட்டம் முடிந்து வீட்டுக்குப் புறப்படும்போது பின் வளையத்தைக் கழற்று. நெரிசலில் யாராவது பின்னால் முட்டினால், பம்பர் நசுங்கி வாங்க வேண்டிய அடியை அந்தத் தண்டு நேரே செசிக்குக் கொண்டுபோய்விடும். நடந்து போகிறவரின் காலுக்கும் அது ஆபத்து.

இழுக்கும்போது ஆசனப் பட்டியை அவிழ்க்காதே. கியரை நடுநிலையில் வை, கைப்பிரேக்கை விடு, ஸ்டியரிங் பூட்டு விலகும்படி சாவியைத் திருப்பி வை. எஞ்சின் நின்றிருந்தால் பிரேக் மிதி கல்லைப்போல் இறுகியிருக்கும், பலமாக மிதிக்க வேண்டும்.

உனக்கு நான் சொல்லும் வேலை ஒன்றும் இருக்கிறது. இங்கே இன்னும் கம்பிக் கயிற்றால்தான் இழுக்கிறார்கள். அறுந்தால் அதன் நுனி வரும் வேகத்தை நீயும் கண்டிருக்கிறாய். போன மாரியில் துணுக்காய்ப் பக்கம் ஒரு பொடியனின் முழங்காலுக்கு ஒரு சாண் அருகே போனது. ஆடியில் ஊருக்கு வரும்போது, தாங்கும் எடை அச்சிட்ட அகலமான இழுவைப் பட்டிகள் இரண்டு வாங்கி வா. 5 மீட்டருக்குக் குறையாமல், இரு முனையிலும் தைத்த கண்ணோடு. காசை அம்மாவிடம் கொடுத்து வைக்கிறேன். உன் வண்டியின் மரை அளவை அனுப்பினால், பூட்டு நட்டை மகன் இங்கேயே கடைந்து தபாலில் போடுவான்.

அன்புடன்,
உன் மாங்குளத்து நண்பன்