பாதி வீடு என்றால் எதில் பாதி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விவாகரத்து என்று பேச்சு வந்தாலே நம்மவர்கள் "பொண்ணுக்குப் பாதி வீடு போயிடும்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சிங்கப்பூரின் திருமணச் சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவில் பாதி என்று எங்கும் இல்லை, நியாயமாகப் பிரிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்று ஒரு விகிதம். சமைத்தது, பிள்ளை வளர்த்தது, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போனது எல்லாம் சேர்த்து இன்னொரு விகிதம். இரண்டுக்கும் சராசரி பார்த்து, தேவைப்பட்டால் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது. 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த வழி இது. ஒருவர் மட்டுமே சம்பாதித்த நீண்டகாலத் திருமணங்களுக்கு இது ஒத்துவராது, அங்கே பெரும்பாலும் சமமாகத்தான் போகும் என்று 2017ல் அதே நீதிமன்றம் சொன்னது. (முஸ்லிம் தம்பதிகளுக்கு ஷரியா நீதிமன்றம், அது தனி.)

சரி, முட்டி மோதி தம் பங்கை 45 சதவீதத்திலிருந்து 50 ஆக்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதில் 50?

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பல வருடம் கிளார்க்காக இருந்தவள் நான். அங்கே அழுகையும் சண்டையும் நிறையப் பார்த்தேன், ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். நாலறை வீடு 600,000 வெள்ளிக்குப் போகிறது, கடன் பாக்கி 180,000 கழிந்தால் மீதி 420,000. கணவர் வீட்டுக்காக மத்திய சேமநிதியிலிருந்து (ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பு) எடுத்தது, வருடத்துக்கு 2.5 சதவீத வட்டியும் சேர்ந்து, 200,000. மனைவி எடுத்தது வட்டியோடு 90,000. இந்தத் தொகைகள் அவரவர் சேமநிதிக் கணக்குக்குத் திரும்பிப் போக வேண்டும்.

சேமநிதிக்குக் கட்டும் முன்பே பாதி என்று உத்தரவில் எழுதியிருந்தால் ஆளுக்கு 210,000. அதிலிருந்து அவரவர் கணக்குக்குக் கட்டிய பிறகு அவர் கையில் 10,000, அவள் கையில் 120,000. கட்டிய பிறகு மிஞ்சுவதில் பாதி என்று எழுதியிருந்தால் கையில் ஆளுக்கு 65,000. அதாவது சேமநிதியையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு 265,000, அவளுக்கு 155,000. ரெண்டுமே "பாதி"தான், வித்தியாசம் 55,000 வெள்ளி! ஐந்து சதவீதத்துக்கு வருடக்கணக்கில் வழக்காடி வக்கீல் செலவில் கரைப்பவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். சேமநிதியில் விழுந்த பணத்தை வைத்து அடுத்த மாத வாடகை கட்ட முடியாது என்பதும் அப்புறம்தான் உறைக்கிறது.

பெண்ணின் அம்மா அப்பா நகையை அடகு வைத்து ரெனவேஷனுக்குக் கொடுத்த பணம்? ஒரு துண்டுச் சீட்டாவது இருந்தால்தான் பேச முடியும். நம் குடும்பங்களில் அது எங்கே இருக்கிறது!

இன்னொன்று நம் இனத்தவரை நேராகத் தொடுவது. "ஆறு மாதத்துக்குள் திறந்த சந்தையில் விற்க வேண்டும்" என்று ஒப்புக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு வைக்கும், 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, புளோக்கில் சீனர் வீடுகள் 87 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் கூட்டம் சட்டென்று சுருங்கும், விலையும் இறங்கும், வீடு பார்க்க வருகிறவருக்கும் அது தெரியும். உங்கள் புளோக் எந்த நிலையில் இருக்கிறது என்று வீவக இணையத்தளத்தில் பார்த்துவிடலாம், மாதாமாதம் மாறும். தேதிக்குத் தலையாட்டும் முன் அதைப் பாருங்கள். பிள்ளை கூட இருக்கிறவரோ 35 வயது தாண்டிய சிங்கப்பூரரோ மற்றவர் பங்கை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருக்க வழி உண்டு, மாதத் தவணை கட்ட முடிந்தால். சில புளோக்குகளில் விற்பதைவிட அதுவே மேல்.

இந்த இன வரம்பால் உண்மையாகவே விற்கத் திண்டாடுகிறவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022ல் வந்தது, நல்லதுதான். ஆனால் பல ஆண்டு சொந்தமாக வைத்திருக்க வேண்டும், மாதக்கணக்கில் விற்க முயன்றிருக்க வேண்டும். நீதிமன்றமே விற்கச் சொன்ன வீட்டுக்கும் அதே காத்திருப்பு ஏன்? பிரிந்த பிறகும் ஒரே கூரையின் கீழ், ஒருவர் அறையிலும் மற்றவர் ஹாலிலுமாகப் பிள்ளைகள் கண்முன்னே நாள் கடத்துகிறவர்களுக்கு, நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தால் அந்த நிபந்தனைகளைத் தளர்த்த வேண்டும். வீவக இதைப் பரிசீலிக்குமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்