ரைபிளுக்கு மட்டும் ஏன் விலக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிப்பது பற்றிப் பேசும் பலர், இச்சோதனையைக் கட்டாயமாக்கிய 1993-ஆம் ஆண்டின் பிராடி சட்டம் உரிமம் பெற்ற வணிகர்களுக்கே பொருந்தும் என்பதையும், தனிநபர்கள் தமக்குள் செய்துகொள்ளும் விற்பனையை மாநிலங்களின் முடிவுக்கு விட்டுவிட்டது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். பென்சில்வேனியாவில் உறவினரல்லாத ஒருவரிடம் கைத்துப்பாக்கி வாங்குவதானால் உரிமம் பெற்ற வணிகர் அல்லது ஷெரிஃப் (உள்ளூர்ச் சட்ட அதிகாரி) வழியாகச் சோதனை நடந்தாக வேண்டும். அதே மனிதரிடம் வழக்கமான ரைபிளோ ஷாட்கன்னோ வாங்குவதற்கு அது தேவையில்லை.

ரைபிள், ஷாட்கன் போன்ற நீள் துப்பாக்கி வேட்டைக்காரரின் கருவி என்பதும், கொலைகளில் பெரும்பாலும் பயன்படுவது கைத்துப்பாக்கியே என்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இரண்டாவது உண்மைதான். ஆயினும், டெக்சாஸின் மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் 2019 ஆகஸ்ட் 31 அன்று ஏழு பேரைக் கொன்றவர், 2014-இல் வணிகரிடம் சோதனையில் தேறாமல் போய், பின்னர் தனிநபரிடம் ரைபிள் வாங்கியவர் என்பதை எப்படி ஒதுக்குவது?

மேரிலாந்து சட்டமன்றம் ஆளுநரின் மறுப்பாணையை மீறி 2021-இல் தன் மாநிலத்தில் இருந்த இத்தகைய விலக்கை நீக்கியது. நெருங்கிய குடும்பத்தினருக்கு மட்டும் தளர்வு அளித்தது. அது எனக்கு நியாயமாகவே படுகிறது. நடைமுறைப்படுத்துவது கடினம் என்ற ஆட்சேபத்தையும் மறுப்பதற்கில்லை: கூட்டரசு துப்பாக்கிப் பதிவேடு வைத்திருப்பதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதால், வாங்குபவர் நிரப்பிக் கொடுத்து வணிகரிடம் தங்கும் படிவமே பெரும்பாலும் கிடைக்கும் தடயம். அந்தப் படிவமும் இல்லாத விற்பனையைப் பென்சில்வேனியா இன்னும் அனுமதிப்பது ஏன் என்பதே என் கேள்வி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்