ஆல்பகோடாவில் பகோடா இல்லை

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் ஆல்பகோடா பழத்தைப் பகோடாவோடு முடிச்சுப் போட்டிருந்தீர்கள். சிரித்தேன். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பாரசீகத்தில் ‘ஆலு’ என்றால் பிளம் பழம். ‘ஆலு புகாரா’ என்றால் புகாரா நகரத்துப் பிளம். அதுதான் நம் நாட்டு மருந்துக் கடைக்கு வந்து சேர்வதற்குள் ஆல்பகோடா ஆகிவிட்டது. ‘ஸர்த்’ என்றால் மஞ்சள்; மஞ்சள் பிளமான ‘ஸர்தாலு’தான் ஆப்ரிகாட்.

அப்புறம் புதிதாக வந்த தக்காளி? ஈரானியர் அதையும் பிளம் கணக்கிலேயே சேர்த்து, ‘கோஜே ஃபரங்கி’ என்றார்கள். கோஜே ஒரு புளிப்புப் பிளம். ஃபரங்கி என்பது ஐரோப்பியர். நம் பரங்கிக்காயில் இருப்பதும் அதே பரங்கிதான். சரி, உருளைக்கிழங்கு? பிரெஞ்சுக்காரர்களைப் போலவே ‘மண் ஆப்பிள்’: ‘ஸீப் ஸமீனி’. இந்தியில் உருளைக்கிழங்குக்கு ‘ஆலு’ என்பார்களே, அந்த நினைப்பில் ஈரானில் போய் ஆலு கேட்டால் பழம்தான் கிடைக்கும்!

– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்