ரொட்டி அனுப்பியவர்களுக்கும் மை அனுப்பியவர்களுக்கும்

அன்புடையீர்,

போலந்தின் கிடான்ஸ்க் நகரில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு தொழிற்சங்கத்தில் உறுப்பினர். மாதாமாதம் சந்தா கட்டுகிறேன், யாருக்கும் பயப்படாமல் கட்டுகிறேன். அந்த உரிமைக்காக இந்த ஊர்த் தொழிலாளர்கள் 1980களில் சாலிடாரிட்டி என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள், அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். வெளிநாடுகளில் இருந்துகொண்டு அவர்களுக்குக் கைகொடுத்தவர்கள் நீங்கள். இந்த மடல் உங்களுக்கு.

முதலில், பார்சல் அனுப்பியவர்களுக்கு. 1981 டிசம்பர் 13 அன்று போலந்தின் கம்யூனிஸ்ட் ஆட்சித் தலைவர் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டம் கொண்டுவந்தபோது கடைகள் ஏற்கெனவே காலியாகத்தான் இருந்தன. இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாமே ரேஷன். அந்தக் கோடையில் வூட்ஜ் நகரத்துப் பெண்கள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு உணவு கேட்டு ஊர்வலம் போயிருந்தார்கள். அப்புறம் ஆயிரக்கணக்கான சங்கத்துக்காரர்களைப் பிடித்து அடைத்தபோது, அவர்கள் வீட்டு அடுப்பை யார் பார்ப்பது? மேற்கு ஜெர்மனி 1982இல் போலந்துப் பார்சல்களுக்கு அஞ்சல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. சாதாரணக் குடும்பங்கள் காபித்தூளும் பால்பவுடரும் சோப்பும் கட்டி அனுப்பின. இரண்டாம் உலகப் போர் முடிந்து நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. ஜெர்மானியர் கையால் முகவரி எழுதிய பெட்டி ஒரு போலந்து வீட்டுக்குள் வந்தது என்பதே பெரிய விஷயம். உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு அரசு பசிக்கு உதவுவதைக் கடுமையாக எதிர்ப்பது குறைவு. தன்னால் நிரப்ப முடியாத கடையை வேறொருவர் நிரப்பினால் அதற்கும் வசதிதான். 1980 ஆகஸ்டில் இந்த ஊர் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது, ஓய்வுபெற ஐந்து மாதமே இருந்த கிரேன் ஓட்டுநர் அன்னா வாலென்டினோவிச்சை வேலையை விட்டு நீக்கியதால். அவர்கள் வைத்த 21 கோரிக்கைகளில் உள்நாட்டுச் சந்தைக்கு உணவு வேண்டும் என்பது பத்தாவது. இறைச்சிக்கு ரேஷன் கார்டு பதின்மூன்றாவது. முதல் கோரிக்கை, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் நிர்வாகத்துக்கும் கட்டுப்படாத சங்கம். இந்த வரிசையைப் புரிந்துகொண்டு உதவியவர்கள் குறைவு. அவர்களுக்குத்தான் நன்றி பாக்கி அதிகம் என்று நினைக்கிறேன்.

1953 ஜூனில் கிழக்கு ஜெர்மனித் தொழிலாளர்கள் எழுந்தபோது நடந்ததைப் பாருங்கள். சோவியத் டாங்கிகள் அவர்களை நசுக்கிய பிறகு, அமெரிக்கா மேற்கு பெர்லினில் வைத்து ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பொட்டலங்களை விநியோகித்தது. வாங்கியவர்களின் பசி ஆறியது. ஆனால் அவர்களுக்கென்று ஒரு சங்கமோ ஒரு பத்திரிகையோ மிஞ்சவில்லை.

போலந்தில் அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டவர்களே, இனி உங்களுக்கு. அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் லேன் கிர்க்லண்ட், 1980இலேயே போலந்துத் தொழிலாளர்களுக்காக நிதி திரட்டினார். இது மாஸ்கோவைச் சீண்டிவிடும் என்று அவருடைய நாட்டு வெளியுறவு அமைச்சரே எச்சரித்தும் நிறுத்தவில்லை. ராணுவச் சட்டத்துக்குப் பிறகு பிரஸ்ஸல்ஸில் திறந்த சாலிடாரிட்டியின் வெளிநாட்டு அலுவலகம் வழியாகப் பணமும் அச்சு இயந்திரங்களும் தொடர்ந்து உள்ளே போயின. ஸ்வீடன் நாட்டு லாரி ஓட்டுநர்களை எப்படி மறப்பது? சரக்குக்கு அடியில் சைக்ளோஸ்டைல் இயந்திரமும் மையும் மறைத்துக் கொண்டுவந்தார்கள். 1986இல் அப்படி ஒரு லாரி துறைமுகத்தில் பிடிபட்டது. சிக்கினால் சிறை என்று தெரிந்தே ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்கள் நீங்கள். ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் புகார் கொடுத்து விசாரணை கமிஷன் வரவைத்த தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் நன்றி. அந்தக் கமிஷன் எழுதிய அறிக்கை வலித்ததால்தான் 1984இல் போலந்து அரசு அந்த அமைப்பிலிருந்தே விலகப்போவதாக அறிவித்தது. பால்பவுடருக்காக அந்த அரசு அப்படிக் கோபித்துக்கொண்டதில்லை.

இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்களும் இருந்தீர்கள். 1982 இலையுதிர்காலத்தில் பிரெஞ்சு மருத்துவர்களின் மருந்து வண்டியில் தத்துவவாதி மிஷேல் ஃபூக்கோவும் நடிகை சிமோன் சின்யோரேயும் வார்சாவுக்கு வந்தார்கள். பெயர் பெற்றவர்கள் வண்டியில் ஏறி வந்ததே அடைபட்டிருந்தவர்களுக்குத் தெம்பு. போலந்திலேயே இருந்த பாதிரியார் யெர்சி போபியெவுஷ்கோ, வந்த மருந்தையும் துணியையும் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். மாதாமாதம் நாட்டுக்கான திருப்பலியில் தொழிலாளர்களுக்காகப் பேசவும் செய்தார். 1984 அக்டோபரில் ரகசியப் போலீஸ்காரர்கள் அவரைக் கடத்திக் கொன்றார்கள். மருந்து கொடுத்ததற்காகக் கொல்லவில்லை, பேசியதற்காகக் கொன்றார்கள்.

வெளியிலிருந்து வந்தது போதாதபோது, துணி துவைக்கும் இயந்திரத்தின் பிழியும் உருளையைக் கழற்றி அச்சடித்த பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேர்! 'திகோட்னிக் மாசோவ்ஷே' என்ற தலைமறைவு வார இதழை 1982 முதல் 1989 வரை நிற்காமல் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஹெலெனா வூச்சிவோவும் அவருடன் உழைத்தவர்களும் இல்லையென்றால், தடை செய்யப்பட்ட சங்கம் உயிரோடு இருக்கிறது என்பதே வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவருக்குத் தெரிந்திருக்காது.

1989 ஏப்ரல் 17 அன்று சாலிடாரிட்டி மறுபடியும் சட்டப்படி பதிவானது. அரசோடு மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேச ஒரு சங்கம் அதுவரை மிச்சமிருந்ததில் உங்கள் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. பெயர் வெளியே வராத ஓட்டுநர்களே, அச்சடித்தவர்களே, வீட்டில் இடம் கொடுத்தவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

அன்புடன்,
கிடான்ஸ்கிலிருந்து ஒரு தமிழ்த் தொழிலாளி