ஈரத் தலையை வாராதே

கும்பகோணம்
18.8.2021

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இல்லையென்றால் எனக்குப் பார்லர் கடையில் ஆள் வந்துவிடுகிறது. அதனால் எழுதிப் பார்சலிலேயே வைக்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். கொரோனாவுக்கு இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது. அவரே நடந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. அவரைப் பற்றிக் கவலைப்படாதே.

அப்பா பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். புருவத்தை நீயே எடுத்திருக்கிறாய். வலது பக்கத்து வால் குறைந்துவிட்டது. பிளேடு வைத்தாயா? பிளேடு வேண்டாம் பாப்பா. வீட்டில் எடுப்பதென்றால் மேல் கோட்டைத் தொடவே தொடாதே. கீழே இமைக்கு மேல் தனியாக நிற்கிற முடியை மட்டும், குளித்துவிட்டு வந்ததும், அது முளைத்திருக்கிற திசையிலேயே பிளக்கரால் இழு. கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தால் எல்லா முடியும் தப்பாகத்தான் தெரியும். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் எடுக்க வேண்டியது நாலு முடிதான் இருக்கும். போன வால் வளரட்டும், அதுவரை பென்சில் போதும்.

துப்பட்டாவைத் தலை முழுக்கச் சுற்றியிருந்தாயே, பெங்களூரில் அவ்வளவு குளிரா? ஒன்றரை மாதமாக வீடியோவில் வரவில்லை. நெட் சரியில்லை என்கிறாய். சரி.

யூடியூபில் பார்த்து எதையும் முகத்தில் போடாதே. போன வாரம் ஒரு காலேஜ் பெண் வந்தது, கன்னத்தில் இரண்டு இடத்தில் பழுப்புத் தடம். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு மாடியில் துணி காயப்போட்டிருக்கிறது. எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கருக்கும், சிலருக்குக் கொப்புளமே வந்துவிடும். ஆப்ப சோடாவும் வேண்டாம். பயத்தமாவும் தயிரும் போதும், நீ சின்னப் பிள்ளையிலிருந்து பழகினது. தலைக்கு டை வாங்கினால் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துவிட்டு இரண்டு நாள் பார். கோனில் வருகிற கருப்பு மருதாணி வேண்டவே வேண்டாம். மருதாணி எங்கேயாவது கருப்பாக இருக்குமா? அதில் டையில் போடுகிற அதே கெமிக்கலைத்தான் கலக்கிறார்கள். தோல் வெந்து போன கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஈரத் தலையை வாராதே. இதை எத்தனை தரம் சொன்னாலும் நீ கேட்பதில்லை.

இங்கே கடைக்கு இந்த ஆடியில் த்ரெட்டிங்குக்கு வந்தவர்களைவிட "அக்கா, முடி கொத்துக் கொத்தா வருது" என்று வந்தவர்கள்தான் அதிகம். எல்லாம் உன் வயசுப் பிள்ளைகள். குளிக்கிற இடத்தில் ஜல்லடையை அடைக்கிற அளவுக்கு வருகிறதாம், வகிடு அகலமாகிவிட்டதாம், கண்ணாடி பார்க்கவே பயமாக இருக்கிறதாம். என்ன காய்ச்சல் என்று நான் கேட்பதில்லை. "மே மாசம் உடம்பு சரியில்லையாம்மா?" என்று மட்டும் கேட்பேன். தலையாட்டுவார்கள், சிலர் அழுவார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உனக்கும் எழுதி வைக்கிறேன், உன் ரூமில் இருக்கிற பிள்ளைகள் யாருக்காவது உதவும். பெரிய காய்ச்சல் வந்து போனால் நிறைய வேர் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அந்த முடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். வேர் செத்துப்போகவில்லை. ஆறு மாதம் போல ஆகும், தானாக நிற்கும், திரும்ப வரும். நெற்றி ஓரத்தில் குழந்தைக்கு இருக்கிற மாதிரி பூனைமுடி எழும்பி நிற்க ஆரம்பித்தால் வருகிறது என்று அர்த்தம். அதற்காக ஆயிரக்கணக்கில் எண்ணெய், சீரம் என்று காசைக் கொட்ட வேண்டாம். முட்டை, பயறு, முருங்கைக்கீரை சாப்பிட வேண்டும். ரத்தத்தில் இரும்புச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் தோல் டாக்டரிடம் போக வேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. எண்ணெயைச் சூடாக ஊற்றிப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. கொட்டுகிறதே என்று தலைக்குக் குளிக்காமலும் இருக்கக் கூடாது. உதிரப்போகிற முடி குளித்தாலும் உதிரும், குளிக்காவிட்டாலும் உதிரும். மொட்டை அடித்துவிடலாமா என்றுகூட ஒரு பெண் கேட்டது. அவசரப்படாதே என்றேன்.

முட்டை சாப்பிடுகிறாயா?

கடை விஷயம் கேட்டாயே. ஏப்ரல் 26-ஆம் தேதி மூடினோம். ஜூன் 14-ல் 27 மாவட்டத்துக்குத் திறக்கச் சொன்னார்கள். தஞ்சாவூரோடு சேர்த்து 11 மாவட்டத்துக்கு இல்லை என்றுவிட்டார்கள். அப்புறம்தான் நமக்கு விட்டார்கள். திறந்த அன்றைக்கு முதல் வேலையே தேதி முடிந்த ப்ளீச்சையும் ஃபேஷியல் கிட்டையும் குப்பையில் போட்டதுதான். போன வருஷம் பங்குனி, சித்திரை, வைகாசி முகூர்த்தம் போயிற்று, இந்த வருஷமும் வைகாசி போயிற்று. இருபது கல்யாண மேக்கப் கைவிட்டுப் போயிருக்கிறது. வாடகை மட்டும் போகவில்லை.

போன வருஷம் கவர்மெண்ட் சொல்லி, வருகிறவர்களின் ஆதார் நம்பர் எழுதின நோட்டு இன்னும் கல்லாவில் இருக்கிறது. புருவம் எடுக்க வந்தவளிடம் ஆதார் கேட்டு எழுதினேன். அதைவிடக் கஷ்டம் நூல்தான். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் இருபத்திரண்டு வருஷம் இழுத்திருக்கிறேன். மாஸ்க் போட்டுக்கொண்டு எப்படிக் கடிப்பது? கழுத்தில் முடிச்சுப் போட்டுப் பழகினேன். பத்து நாள் என் கால் முட்டியிலேயே இழுத்துப் பார்த்தேன். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்து, அப்பா பயந்துவிட்டார். இப்போது கை பழகிவிட்டது. கழுத்து இன்னும் பழகவில்லை.

உன் தெரு முனையில் ஒரு பார்லர் இருக்கிறது என்றாயே, அந்த அம்மாவிடம் போ. ஆப்பில் ஆளை வீட்டுக்கு வரவழைக்காதே. வருகிற பெண்ணின் காசில் கம்பெனிக்காரன் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறான், அந்த அம்மாவுக்கு உன் முகம் தெரியும், உன் காசும் அவளுக்கே போகும். துண்டை நீயே கொண்டு போ. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போ, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார். பேரம் பேசாதே. நாற்பது ரூபாய் த்ரெட்டிங்கில் பத்து ரூபாய் குறைத்து நீ மாடி வீடு கட்டப்போவதில்லை. இப்போது போக பயமாக இருந்தால் இரண்டு மாதத்துக் காசை முன்னாலேயே கொடுத்துவிட்டு அப்புறம் போய்க் கழித்துக்கொள். நம் கடையே அப்படித்தான் நின்றது. கணக்கு டீச்சர் போன வருஷம் மூவாயிரம் அனுப்பி, "வரும்போது கழிச்சுக்கோ" என்றார்கள். மடத்துத் தெரு மாமி ஆயிரம். அரிசி ஆலைக்காரர் வீட்டில் நடக்காத கல்யாணத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவே இல்லை. யாருக்கும் நான் போன் போடவில்லை, அவர்களாகவே செய்தார்கள்.

உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கிக் கொடுத்த நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும் சொல்கிறேன், இது என் பெண் வாங்கினது என்று. எத்தனை தரம் சொன்னேனோ, டீச்சரே சிரிக்கிறார்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் நாற்காலி வாங்கித் தரத் தெரிந்த பெண்ணுக்கு, ஆறு நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தது ஏன் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. மே மாதம் 11-ஆம் தேதியிலிருந்து ஆறு நாள். ஆபீஸில் ரிலீஸ் வேலை என்று மெசேஜ் மட்டும் வந்தது. நான் காலண்டரில் குறித்திருக்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய் விளக்கேற்றிவிட்டு வந்தேன். இனிமேல் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

போன வருஷம் ஜூலையில், நம் கடையில் வேலை செய்த மேலக்காவேரி அக்காவுக்கென்று நீ ஐயாயிரம் அனுப்பினாய். கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். கொடுக்கவில்லை பாப்பா. அந்த வாரம்தான் நகைக் கடன் வட்டி கட்ட வேண்டியிருந்தது. அதில் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் அதற்கு அடுத்த மாதம் என்று நினைத்தேன். அவளுக்கு 2020 ஏப்ரலில் பாதிச் சம்பளம் கொடுத்தேன், அதோடு சரி. மே 24 கடை திறந்ததும் முதல் நாளே வந்து வாசலில் நின்றாள். "கூட்டம் வரட்டும், கூப்பிடுறேன்" என்று அனுப்பினேன். கூட்டம் வந்தது, நான் கூப்பிடவில்லை. ஒரு ஆள் சம்பளம் மிச்சம் என்று பட்டுவிட்டது. ஊரெல்லாம் எனக்கு முன்பணம் கொடுத்துக் கைகொடுத்தபோது, ஒன்பது வருஷம் என் பக்கத்தில் நின்றவளுக்கு நான் கொடுத்தது அவ்வளவுதான். உன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தினமும் உனக்குத் தலை பின்னி அனுப்பியது அவள்தான்.

ஆவணி முகூர்த்தம் வருகிறது, தனியாகச் சமாளிக்க முடியாது. அவளைக் கூப்பிட வேண்டும். ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கூப்பிடுவது? போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். இப்போது பாத்திரக் கடையில் நிற்கிறாள், நாள் முழுக்க. கை எல்லாம் சொரசொரவென்று இருக்கிறது. புருவம் எடுக்கிற கை. பணத்தைக் கொடுத்து, "இது போன வருஷமே பாப்பா உனக்கு அனுப்பினது" என்றேன். "தெரியும்க்கா. பாப்பா அப்பவே கேட்டுச்சு. வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்" என்றாள். எண்ணிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் காபி போட்டுக்கொண்டே கேட்டாள், "பாப்பாவுக்கு முடி கொட்டறது நின்னுடுச்சாக்கா?"

எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் கேட்டாள். "பரவாயில்லை இப்போ" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன். அந்த ஆறு நாளும் தினமும் சாயங்காலம் உன்னோடு பேசியிருக்கிறாள். ரசத்தில் வாசனையே தெரியவில்லை என்று நீ அழுததும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வழியெல்லாம் உன் மேல் கோபமாக வந்தது. பாலம் தாண்டினதும் கோபம் போய்விட்டது. எனக்கு வந்திருந்தால் நானும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அம்மா பஸ் இல்லாமல் தவிப்பாள் என்று நினைத்திருப்பாய். தனியாக ஒரு ரூமில் ஆறு நாள். கஞ்சி யார் கொடுத்தார்கள்?

அவள் வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வந்தால் பழைய சம்பளத்தோடு இரண்டாயிரம் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பார்சலில் அரப்புத் தூள் இருக்கிறது, சீயக்காய் வேண்டாம், உன் முடி இப்போது தாங்காது. தேங்காயெண்ணெய் ஒரு பாட்டில். அகலப் பல் சீப்பு ஒன்று. கேழ்வரகு மாவு அப்பா திரித்து வந்தது. நூல்கண்டும் வைத்திருக்கிறேன், நீ எடுக்க வேண்டாம், தெரு முனை அம்மாவிடம் கொடு, நல்ல நூல்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறக்கும் முன், எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். வீடியோவில். துப்பட்டா இல்லாமல் வா. வகிட்டை ஜன்னல் வெளிச்சத்தில் காட்டு, பூனைமுடி வந்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். அப்பா அந்த நேரத்தில் பேப்பர் வாங்கப் போயிருப்பார்.

அம்மா