ஆல் வீல் டிரைவ் வண்டிக்குப் பொருந்தாத டயர் மாட்டிய உங்கள் தேனி கிளை குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஏலக்காய் விவசாயி,
வண்டன்மேடு, உடும்பன்சோலை வட்டம்,
இடுக்கி மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
டயர் விற்பனை நிறுவனத் தலைமை அலுவலகம்,
சென்னை.

பொருள்: பின் சக்கரங்களுக்கு வேறு அளவு டயர் விற்றது, சரியான டயரும் பழுதுச் செலவும் கோருதல்.

ஐயா / அம்மா,

என்னுடையது ரெனால்ட் டஸ்டர், நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் ஆல் வீல் டிரைவ் வண்டி. தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் மழைக்காலத்தில் ஏற முடிய வேண்டும் என்பதற்காகவே தேடிப்பிடித்து வாங்கினேன். புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்கு இதில்தான் போய் வருகிறேன். ஜூன் தொடக்கத்தில் பின் டயர் ஒன்றின் பக்கச்சுவரைக் கல் கிழித்துவிட்டது. தேனிக்கு வேறு வேலையாக வந்தபோது உங்கள் கிளையில் வண்டியை விட்டேன்.

வண்டியில் இருந்தது 215/65 ஆர் 16. அந்த அளவு கையிருப்பில் இல்லை என்றார்கள். ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது என்று சொல்லி 215/60 ஆர் 16 இரண்டைக் கொண்டுவந்தார்கள். இது ஆல் வீல் டிரைவ் வண்டி, முன்னும் பின்னும் அளவு மாறலாமா என்று கேட்டேன். "ரிம் ஒண்ணுதாண்ணே. 65-க்கு 60, பார்த்தாக்கூடத் தெரியாது" என்று பதில் வந்தது. கிளை மேலாளர் ஒரு படி மேலே போய், 3 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம், கம்பெனி விதியே அதுதான் என்று உறுதி கொடுத்தார்.

அவர் சொன்ன 3 சதவீதக் கணக்கு உண்மையில் வேறு விஷயத்துக்கானது. நான்கு டயரையும் சேர்த்து வேறு அளவுக்கு மாற்றும்போது, ஸ்பீடோமீட்டர் அதிகம் பிசகாமல் இருக்கப் பார்க்கும் அளவு அது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்று எந்த ஆல் வீல் டிரைவ் வண்டிக்கும் யாரும் சொல்வதில்லை. சுபாரு நிறுவனம் தன் வண்டிகளில் நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்கச் சொல்கிறது. என் வண்டியின் கையேடும் நான்கு டயரும் அளவிலும் ரகத்திலும் தேய்மானத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது.

நடுவில் இருக்கும் 65, 60 என்ற எண்கள் மில்லிமீட்டர் அல்ல. டயரின் அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பதைக் காட்டுபவை. 215-இல் 65 சதவீதம் ஏறக்குறைய 140 மி.மீ.; 60 சதவீதம் 129 மி.மீ. நடுவில் உள்ள 16 அங்குல ரிம்மோடு மேலும் கீழும் சேர்த்தால் முழு விட்டம் 686-இலிருந்து 664 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. சுற்றளவில் 6.75 செ.மீ. குறைகிறது. புது டயர்களை வைத்துக் கணக்கிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு முன் சக்கரம் 464 சுற்று சுற்றும்போது பின் சக்கரம் 479 சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது. மேலாளர் சொன்ன 3 சதவீதத்தையே இது தாண்டுகிறது! பில் போடும் கம்ப்யூட்டரில் ஒரு நிமிடத்தில் பார்த்திருக்கலாம்.

முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியாக இருந்தால் இந்த 15 சுற்று அவ்வளவு பெரிய கேடு செய்யாது. என் வண்டியில் முன்பக்கத்து விசையைப் பின்பக்கம் கொண்டுபோகும் தண்டின் முனையில் ஒரு கிளட்ச் இருக்கிறது. முக்கியமாகச் சக்கரம் சறுக்கும்போது அது இறுகிப் பிடிக்க வேண்டும். இப்போது நல்ல தார் ரோட்டில் நேராக ஓடும்போதே பின் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது. கிளட்ச் பிடிக்கும்போதெல்லாம் அந்த வித்தியாசத்தை உரசியே சமாளிக்கிறது. அந்த உரசல் சூடாகிறது.

அது நடக்க அதிக நேரம் ஆகவில்லை. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏற்றத்தில், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் உதறியது. மேலே வந்து சேர்வதற்குள் கருகல் வாடை. எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. என் மனைவியும் வயதான தாயாரும் வண்டியில் இருந்தார்கள். மூடுபனியில் ஓரம் கட்டக்கூட இடமில்லாத பாதை அது. அந்தப் பயத்தை உங்கள் கிளை பில்லில் சேர்க்க முடியாது.

கட்டப்பனையில் மெக்கானிக் ஒருவர் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் டேப் வைத்து அளந்தார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 6 செ.மீ. வித்தியாசம். படம் எடுத்து, பில் நகலோடு இணைத்திருக்கிறேன். இப்போது டிரைவ் மாற்றும் திருகியை, முன் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீலில் வைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார். அப்படி ஓட்டினால் மழையில் தோட்டத்துக்கு ஏற முடிவதில்லை. காய் எடுக்கும் பருவம் இது.

இன்னொன்றையும் அவர் காட்டினார். பழைய டயரில் சுமைக் குறியீடு 98, அதாவது ஒரு டயர் 750 கிலோ தாங்கும். நீங்கள் மாட்டியதில் 95, 690 கிலோ. மூட்டை ஏற்றுகிற பின்பக்கத்தில் தாங்குதிறன் குறைந்த டயர்!

கிளைக்குப் போன் செய்தால் "ஓட்டிய டயரைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். மாட்டும் முன்பே கேட்டவன் நான்.

முன் டயர்களில் இன்னும் 7 மி.மீ. பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர்ப் புடைப்பு) இருக்கிறது. ஆகவே நான்கையும் மாற்றித் தர வேண்டும் என்று கேட்கவில்லை. முன்னால் இருக்கும் அதே ரகத்தில் 215/65 ஆர் 16, சுமைக் குறியீடு 98 உள்ள இரண்டு புது டயர்களை உங்கள் செலவில் மாட்டித் தாருங்கள். பின் அச்சின் கியரையும் கிளட்சையும் கார் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் சோதித்து, உரசலால் வந்த பழுதுக்கான செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லாக் கிளைகளிலும் இரண்டு டயர் விற்கும் முன், வண்டி ஆல் வீல் டிரைவா என்று கேட்டு, மற்ற இரண்டின் பட்டனையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று மலைப்பாதையிலிருந்தும் தேனிக்கு இறங்கி வருகிறவர்களில் என்னைப் போல் வண்டி வைத்திருப்பவர்கள் பலர்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவுசெய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், இடுக்கி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன். நீங்கள் விற்ற இரண்டு டயர்களையும் கழற்றியதும் பத்திரமாக வைத்திருப்பேன். உங்கள் ஆள் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வண்டன்மேடு.